காசிமேட்டு அக்காவின் கணக்கை வங்கி மூடியபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

வங்கி கணக்கை முடக்கிவிட்டது, அல்லது மூடப்போகிறது என்று தெரிந்ததும் எல்லாரும் கிளைக்கு ஓடிப்போய் முதலில் கேட்பது “எப்ப சார் திறப்பீங்க?” என்றுதான். கவுன்ட்டரில் இருப்பவருக்கு அதற்குப் பதில் தெரியாது, மேனேஜருக்கும் பெரும்பாலும் தெரியாது. கேட்கவேண்டிய கேள்வி “யார் சொல்லி மூடினீங்க?” என்பது. போலீஸ் சொல்லியா, கோர்ட்டோ வருமான வரித் துறையோ சொல்லியா, கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாள, முகவரி விவரம்) புதுப்பிக்காததாலா, இல்லை வங்கியே எடுத்த முடிவா? நாலுக்கும் வேறு வேறு வாசல். போலீஸ் முடக்கிய கணக்குக்கு வங்கி மேனேஜரிடம் எவ்வளவு கெஞ்சினாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, வங்கியே முடக்கியதற்கு போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றாலும் அப்படித்தான்.

நான் வடசென்னையில் கல்மண்டபம் பக்கம் சின்னக் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற அக்கா ஒருவருடைய கணக்கு மூடப்பட்ட விஷயத்தில் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கூட இருந்தேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர் பெயரோ வங்கியின் பெயரோ வேண்டாம், அது யாருக்கும் பயன்படப் போவதில்லை. நடந்தது எப்படி என்பதுதான் பயன்படும், ஏனென்றால் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று இந்தப் பக்கம் முழுக்க இதே நிலைமையில் கணக்கு வைத்திருக்கிறவர்கள் ஏராளம்.

அவருடைய தொழில் எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. விடியற்காலையில், ஊர் தூங்கும்போது துறைமுகத்தில் ஏலம். கூடைக் கணக்கில் எடுப்பார், ஏலக்காரருக்கு அங்கேயே யூபிஐ-யில் பணம். ஒரு பங்கு இரண்டு மூன்று மெஸ்களுக்குப் போகும், மீதியைத் தெருவோரத்தில் வைத்து விற்பார். சங்கரா, கானாங்கத்தை, நெத்திலி தினமும் ஓடும், ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரமும் இறாலும். வாங்குகிறவர்கள் நூறு, இருநூறு, முந்நூற்றைம்பது என்று க்யூஆர் ஸ்கேன் பண்ணிப் போடுவார்கள். மெஸ்காரர்கள் வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமாகப் போடுவார்கள், சிலர் கையில் பணமாகக் கொடுப்பார்கள், அதைக் கொண்டுபோய் மெஷினில் கட்டுவார். ஒரு நாளைக்குக் கணக்கில் வருவதும் போவதும் பார்த்தால் பெரிய தொகையாகத் தெரியும். ஐஸ், ஆட்டோ, ஏலக்காரர் கமிஷன், கெட்டுப்போனது எல்லாம் போக அவர் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

இதில் இன்னொன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாசமும் ஃபைபர் படகு மீன்தான், விலை ஏறும், அக்காவின் வியாபாரம் பாதிக்கும் கீழே போய்விடும். தடை முடிந்து படகுகள் கரை திரும்பினால் ஒரே நாளில் எல்லாம் தலைகீழாக மாறும். புரட்டாசியிலும் இதே மாதிரி ஒரு பள்ளம், ஐப்பசியில் ஒரு மேடு. காசிமேட்டில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். ஆனால் வங்கிக் கணக்குகளைக் கண்காணிக்கிற மென்பொருளுக்கு ஏப்ரல் 15-ம் தெரியாது, புரட்டாசியும் தெரியாது. இரண்டு மாசம் அடங்கிக் கிடந்த ஒரு சேமிப்புக் கணக்கில் திடீரென்று நாளுக்கு நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன வரவு, வந்த வேகத்திலேயே விடியற்காலையில் பெரிய தொகையாக வெளியே போவது, நடுவில் ரொக்கம். மோசடிப் பணத்தைக் கைமாற்றுகிறவர்கள் வாடகைக்கு எடுக்கிற கணக்கும் இதே உருவத்தில்தான் இருக்கும்.

அது மட்டும் என்றால்கூட யாராவது ஆள் பார்த்து விட்டிருக்கலாம். கணக்கு தொடங்கும்போது நிரப்பிய படிவத்தில் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று இருந்தது. ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழே. தெருவுக்கு வந்து கணக்கு பிடித்த ஏஜென்ட் பையன் டேப்லெட்டில் தட்டித் தட்டி நிரப்பியது அது. அக்கா கைரேகை வைத்தார், அவ்வளவுதான். மின்னஞ்சல் முகவரி என்ற இடத்தில் அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு முகவரி. வீட்டு முகவரி, அவர் காலி பண்ணிவிட்டு வந்த பழைய வாடகை வீடு. இருபது வருஷமாகக் கூடை தூக்கிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிற ஒரு பெண்ணை, கேட்காமலேயே வீட்டில் சும்மா இருப்பவர் என்று எழுதிக்கொள்கிறது இந்த நடைமுறை. பிறகு அவர் சம்பாதித்ததைப் பார்த்து சந்தேகப்படுவதும் அதே நடைமுறைதான். எனக்கு இதில் இன்றைக்கும் கோபம் அடங்கவில்லை.

தடைக்காலம் முடிந்து இரண்டாவது வாரம் ஒரு விடியற்காலையில் ஏலக்காரருக்குப் போட்ட பணம் போகவில்லை. சர்வர் பிரச்சினை என்று நினைத்தார். தெரிந்த ஏலக்காரர் என்பதால் கடனுக்குக் கூடை கிடைத்தது. அன்றைக்கும் அடுத்த நாட்களும் வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது. என்னிடம் வந்து சொன்னது இப்படித்தான்: “தம்பி, பொட்டி மட்டும் பேசுது, பணம் வெளில வரமாட்டேங்குது.”

பொட்டி என்றது சவுண்ட் பாக்ஸை. இதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். வங்கி முதலில் போடுவது பெரும்பாலும் பற்று முடக்கம், அதாவது டெபிட் ஃப்ரீஸ். பணம் உள்ளே வரும், வெளியே போகாது. க்யூஆர் ஸ்டிக்கர் பலகையில் ஒட்டியிருக்கிற வரை ஒவ்வொரு வாடிக்கையாளரும் பூட்டிய பெட்டிக்குள் பணம் போட்டுக்கொண்டே இருப்பார். மீன் போய்விடும், காசு உள்ளே மாட்டும். அக்கா என்னிடம் வருவதற்குள் தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது, அதில் பெரும்பகுதி ஏலக்காரருக்கு அவர் தரவேண்டிய கடன். அன்றைக்கு மத்தியானமே செய்த முதல் வேலை அந்த ஸ்டிக்கரைக் கிழித்து எடுத்துவிட்டு, அவர் மகள் கணக்கின் க்யூஆரைத் தற்காலிகமாக வைத்தது. (இதை ரொம்ப நாள் நீட்டக்கூடாது, இல்லாவிட்டால் மகள் கணக்கும் அதே சிக்கலில் மாட்டும்.) மெஸ்காரர்களுக்கும் போன் போட்டு, பழைய கணக்கில் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டோம். காரணம் எதுவாக இருந்தாலும் சரி, உள்ளே வருகிற பணத்தைத் திருப்பிவிடுவதுதான் முதல் வேலை. சண்டை போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

கிளையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். “மேலிடத்துல இருந்து வந்திருக்கு, எங்களுக்குக் காரணம் தெரியாது” என்றார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி. இது லீனா (ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்திவைப்பது), பற்று முடக்கமா, முழு முடக்கமா? போலீஸ் கடிதம் ஏதாவது இருக்கிறதா? வேறு ஏதாவது அரசு அலுவலக உத்தரவு இருக்கிறதா? அங்கிருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, வெளி உத்தரவு எதுவும் இல்லை, வங்கியின் கண்காணிப்புப் பிரிவுதான் போட்டிருக்கிறது, முப்பது நாளில் மூடுவதாகக் கடிதம் அனுப்பியாகிவிட்டது என்றார். கடிதம் பழைய வாடகை வீட்டு முகவரிக்குப் போயிருந்தது. போய்க் கேட்டபோது வீட்டுக்காரம்மா கரண்ட் பில்களோடு சேர்த்து எடுத்துவைத்திருந்தார். கணக்கின் நடவடிக்கைகள் நீங்கள் கொடுத்த விவரங்களோடு பொருந்தவில்லை, விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினோம், பதில் இல்லை, ஆகையால் மூடுகிறோம் என்று அதில் இருந்தது. அந்த மின்னஞ்சல் யாருக்குப் போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

சில சமயம் கிளைக்காரர்கள் காரணம் தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டார்கள். பணமோசடித் தடுப்புச் சட்டப்படி சந்தேகப் பரிவர்த்தனை என்று மேலே அறிக்கை போயிருந்தால், அதை வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்பது விதி. அதனால் மழுப்பலான பதில் வந்தால் கிளைக்காரரோடு மல்லுக்கு நிற்பதில் பிரயோஜனம் இல்லை. “வெளி உத்தரவு இருக்கா, இல்லையா” என்பதை மட்டும் உறுதிப்படுத்திக்கொண்டு வந்துவிடுங்கள், மற்றதைக் காகிதத்தில் கேட்கலாம்.

கடிதம் எழுதினோம். தமிழில்தான். தமிழில் கொடுத்தால் எடுக்கமாட்டார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள், எங்களிடம் யாரும் மறுக்கவில்லை. கடிதத்தில் அழுகையும் இல்லை, மிரட்டலும் இல்லை. முக்கியமான பகுதி இப்படி இருந்தது: “நான் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் வாங்கிச் சில்லறையாகவும் உணவகங்களுக்கும் விற்பனை செய்து வருகிறேன். கணக்கு தொடங்கியபோது என் தொழில் தவறாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்நாட்களில் வரவு குறைந்தும், அதன் பிறகு கூடியும் இருக்கும். விடியற்காலையில் செல்லும் தொகைகள் ஏலத்தில் வாங்கிய மீனுக்கானவை. கணக்கை மூடுவது தங்கள் முடிவானால், என் இருப்புத் தொகை முழுவதையும் அன்றுவரையிலான வட்டியோடு கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்பவும், முடக்கத்துக்கான காரணத்தை எழுத்தில் தரவும் கேட்டுக்கொள்கிறேன்.”

அதோடு மூன்று மாச ஸ்டேட்மென்ட். அதில் உட்கார்ந்து பென்சிலால் குறித்தோம்: எது ஏலக்காரர், எது ஐஸ், எது மெஸ், எது சில்லறை. அக்கா ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தேதியையும் தொகையையும் வைத்தே அன்றைக்கு என்ன மீன் எடுத்தார் என்று சொன்னார். 14,200 என்று ஒரு வரி வந்ததும் “அது அந்த வஞ்சிரம், பாதி உடைஞ்சிபோச்சி, அடிமாட்டு விலைக்குப் போட்டேன்” என்றார். கணக்கு எழுதுகிற எனக்கே அந்த ஞாபகசக்தி பிரமிப்பாக இருந்தது. ஏலச் சீட்டுகள் சில பையில் கசங்கிக் கிடந்தன, ஈரத்தில் மை ஊறியவை. படிக்க முடிந்ததையெல்லாம் நகலெடுத்து இணைத்தோம்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்று அவர்களுக்கு, இன்னொன்றில் தேதியோடு கிளை சீலும் கையெழுத்தும் உங்களுக்கு. சீல் போட மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள், அதே கடிதத்தை வங்கி இணையதளத்தில் போட்டிருக்கிற, புகார்களைக் கவனிக்கிற தலைமை நோடல் அதிகாரியின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். வாயால் நூறு தடவை கேட்டதற்கு மதிப்பு இல்லை. அந்தச் சீல் தேதியிலிருந்துதான் 30 நாள் கணக்கு ஓட ஆரம்பிக்கும். அந்த 30 நாள் எதற்கு என்றால், ரிசர்வ் வங்கி ஒருங்கிணைந்த ஓம்புட்ஸ்மேன் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கிற அதிகாரி) திட்டப்படி, முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராமலோ வந்த பதில் திருப்தியாக இல்லாமலோ இருந்தால்தான் அங்கே போகமுடியும். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்கிற புகார்த் தளத்தில் போடலாம், சந்தேகம் இருந்தால் 14448-க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். ராஜாஜி சாலையில் நம் பக்கத்திலேயே ரிசர்வ் வங்கிக் கட்டடம் இருக்கிறதே, நேரில் போய்விடலாமே என்று அக்கா கேட்டார். காகிதப் புகார்களை வாங்குவது சண்டிகரில் இருக்கிற மையம், அங்கிருந்துதான் பிரித்து அனுப்புகிறார்கள். அதனால் ஆன்லைனில் போடுவதுதான் வேகம்.

புகாரில் என்ன கேட்கிறோம் என்பது ரொம்ப முக்கியம், பலர் இங்கேதான் தோற்கிறார்கள். “என் கணக்கைத் திரும்பத் திறக்கச் சொல்லுங்கள்” என்று எழுதினால் பெரும்பாலும் தள்ளுபடிதான், ஏனென்றால் வங்கியின் வணிக முடிவில் தலையிடுவதில்லை என்று அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. ஒருவரை வாடிக்கையாளராக வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு என்று சொல்லிவிடுவார்கள். சேவைக் குறைபாட்டைச் சொல்லவேண்டும். தவறாக நிரப்பிய படிவம், யாருக்கோ போன மின்னஞ்சல், என்னிடம் விளக்கம் கேட்காமலேயே முடக்கியது, என் சொந்தப் பணத்தைக் காரணமின்றிப் பிடித்து வைத்திருப்பது, அதனால் ஏலக்காரருக்குக் கடன் பட்டது. கேட்பது பணம், வட்டி, தாமதத்துக்கு இழப்பீடு. இதே விவகாரத்தில் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ வழக்கு நடந்துகொண்டிருந்தால் ஓம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார், அதனால் எந்த வழி என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கணக்கை மீட்கவேண்டாம், பணத்தை மட்டும் மீட்போம் என்று அக்காவைச் சம்மதிக்க வைக்கத்தான் எனக்கு நேரம் பிடித்தது. “நான் என்ன தப்பு பண்ணேன், எதுக்கு நான் போவணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சந்தேகக் கண்ணோடு பார்க்கிற வங்கியில் அதே கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த ஜூனில் மறுபடி இதே நிலைமைக்கு வருவதைவிட, சரியான விவரத்தோடு வேறு இடத்தில் புதிதாகத் தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம்.

புதுக் கணக்குக்கு ஒரு பொதுத்துறை வங்கி, நடப்புக் கணக்கு. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு ஆதார் வைத்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், காசு கேட்கிற இடைத்தரகர் யாரும் வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் சிறு வியாபாரிப் பதிவுக்கு அப்போது வருஷத்துக்கு 100 ரூபாய். இந்த இரண்டு சான்றையும் கொடுத்து, தொழில் என்ற இடத்தில் மீன் வியாபாரம் என்று எழுதி, ஆண்டு விற்றுமுதலை உள்ளது உள்ளபடி போட்டோம். இதில் அவருக்கு ஒரு பயம் இருந்தது. விற்றுமுதலைச் சொன்னால் வரி வந்துவிடும், மாசம் வருகிற மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விற்றுமுதல் வேறு, வருமானம் வேறு. அந்தத் திட்டத்தின் உச்சவரம்பு குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், கூடை வாங்கிய காசெல்லாம் வருமானம் ஆகாது. புது மீனுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால் அது வருமான வரித் துறைக்குத் தானாகவே தெரிவிக்கப்படும், நடப்புக் கணக்குக்கு அந்த வரம்பு 50 லட்சம். வியாபாரத்தைச் சேமிப்புக் கணக்கில் ஓட்டுவது ஏன் வம்பு என்பதற்கு இந்த ஒரு வித்தியாசமே போதும். நடப்புக் கணக்கில் வட்டி கிடையாது, குறைந்தபட்ச இருப்பும் கேட்பார்கள். வீட்டுச் செலவுக்குத் தனியாக ஓர் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொண்டால் அதில் குறைந்தபட்ச இருப்புத் தொல்லை இல்லை.

உரிமைத் தொகை விஷயத்தில் வேறொன்றுதான் கவனிக்க வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து அது பழைய கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது. ஆதார் வழியாக வருகிற அரசுப் பணம், நீங்கள் கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். பழைய கணக்கு மூடினால் அது தானாகப் புது வங்கிக்கு மாறாது, திரும்பிப் போய்விடும். புது வங்கியில் ஆதார் இணைப்புக்கு என்று தனிச் சம்மதப் படிவம் கொடுக்கவேண்டும், கேஒய்சிக்கு ஆதார் கொடுத்தது அதில் சேராது. மாறிவிட்டதா என்று மை ஆதார் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். கேஸ் மானியம், முதியோர் உதவித்தொகை என்று ஆதார் வழியாக வருகிற எதுவானாலும் இதே வழிதான்.

கடன் தவணை இன்னொரு கண்ணி. அக்காவுக்குக் குழுக் கடன் ஒன்று பழைய கணக்கிலிருந்து தானியங்கியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே தொண்ணூறாயிரம் இருந்தும், முடக்கத்தால் தவணை திரும்பினால் அபராதம், கடன் மதிப்பெண் அடி. இப்படி மின்னணு முறையில் பிடிப்பது பணமில்லாமல் திரும்பினால் செக் பவுன்ஸ் மாதிரியே வழக்குப் போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் தேதி வருவதற்கு முன்பே கடன் கொடுத்த இடத்துக்கு, வங்கிக் கடிதத்தின் நகலோடு எழுதிக் கொடுத்து, அந்த மாசத் தவணையை நேரில் கட்டினோம்.

வங்கியிடமிருந்து 30 நாளுக்குள் வந்தது ஒரு வரி மின்னஞ்சல், ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்று. 30 நாள் தாண்டியதும் சிஎம்எஸ்-இல் புகார் போட்டோம், சீல் வைத்த கடித நகல், பென்சில் குறித்த ஸ்டேட்மென்ட், பழைய வீட்டுக்குப் போன கடிதம் எல்லாம் இணைத்து. அதற்கப்புறம்தான் வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து அக்காவுக்கே போன் வந்தது. மூடல் படிவத்தில் கையெழுத்து, டெபிட் கார்டைத் திருப்பிக் கொடுப்பது, புதுக் கணக்கின் ரத்துசெய்த காசோலை ஒன்று. கொடுத்த சில நாளில் இருப்பு முழுவதும் வட்டியோடு புதுக் கணக்குக்கு வந்தது. இழப்பீடு கிடைக்கவில்லை. படிவத்தைத் தப்பாக நிரப்பியதற்கு யாரும் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. ஏலக்காரர் கடனுக்கு வட்டி வாங்கவில்லை, அது அவர் பெருந்தன்மை. பணம் வந்ததே போதும் என்று அக்கா சொல்லிவிட்டதால் மேற்கொண்டு போகவில்லை.

இதெல்லாம் வங்கியே மூடினால். போலீஸ் சொல்லி முடக்கியிருந்தால் கதையே வேறு, இப்போது அதுதான் அதிகம். எங்கோ வேறு மாநிலத்தில் ஒருவர் ஏமாந்து, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் கொடுக்கிறார். அந்தப் பணம் கைமாறிக் கைமாறி ஓடிய கணக்கெல்லாம் தேசிய சைபர் குற்றப் புகார் தளம் வழியாக நிறுத்திவைக்கப்படுகிறது. அந்தச் சங்கிலியில் கடைசி ஆள் உங்கள் கடையில் ஒரு போன் கவரோ இரண்டு கிலோ மீனோ வாங்கியிருந்தால் உங்கள் கணக்கும் மாட்டும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிற ஒருவருக்கு இப்படி ஆனது. அப்போது வங்கியிடம் மூன்று விவரம் கேட்டு வாங்குங்கள்: புகார் எண், எந்த மாநிலத்தில் எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை. பிறகு அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலில் விற்பனை பில், பொருள் கொடுத்த ஆதாரம், உங்கள் தொழில் சான்று எல்லாம் அனுப்பவேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் நோடல் அதிகாரி யார் என்பது அந்தத் தளத்திலேயே இருக்கிறது.

சந்தேகத் தொகை இரண்டாயிரம் என்றால் இரண்டாயிரத்தை மட்டும் பிடித்துவைத்து மீதியை விடச் சொல்லிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் இப்படிச் சொன்னது, நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல், தொகையைக் குறிப்பிடாமல் மொத்தக் கணக்கையும் முடக்கிவைப்பது தொழிலையும் பிழைப்பையும் பாதிக்கிறது என்று சொல்லி, குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை இயக்க அனுமதித்தது. போலீஸ் ஒரு சொத்தைப் பிடித்தால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு சொல்கிறது. கடிதத்துக்கு அசையவில்லை என்றால் 503-ஆம் பிரிவில் விடுவிக்கக் கோரி மனு போடலாம். வக்கீலுக்குக் காசில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்தில், வடக்குக் கோட்டைச் சாலையில் இருக்கிறது, சட்ட உதவிக்கான தேசிய எண் 15100. இன்னொன்று, “லீனை எடுத்துத் தருகிறேன், இவ்வளவு அனுப்புங்கள்” என்று போன் வந்தால் அது இரண்டாவது மோசடி. போலீஸ் என்றே சொன்னாலும் ஒரு பைசா போடாதீர்கள்.

கேஒய்சி காரணம் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. புதுப்பிக்கவேண்டிய காலம், ரிஸ்க் குறைவு என்று வங்கி வகைப்படுத்தியவர்களுக்கு 10 வருஷம், நடுத்தரத்துக்கு 8, அதிகத்துக்கு 2. கெடு தேதிக்கு முன் குறைந்தது மூன்று தடவை தெரிவிக்கவேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்கவேண்டும் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. விவரம் எதுவும் மாறவில்லை என்றால் ஓர் உறுதிமொழி போதும். அதேபோல் இரண்டு வருஷத்துக்கு மேல் தொடாமல் கிடந்து செயலற்றுப்போன கணக்கைத் திரும்ப இயக்கவைக்கக் கட்டணம் வாங்கக்கூடாது, கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை, கணக்கு மூடும் முன்பே செய்யவேண்டியது. மூடியதும் மொபைல் ஆப்பும் நெட் பேங்கிங்கும் போய்விடும், அதற்கப்புறம் ஒரு ஸ்டேட்மென்ட் வாங்கக் கிளைக்கு நடக்கவேண்டும். அதனால் குறைந்தது மூன்று நிதியாண்டு ஸ்டேட்மென்ட்டை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், பாஸ்புக்கைக் கடைசி வரி வரை பதிந்து வாங்குங்கள், இருப்பு பூஜ்யம் என்று கணக்கு மூடிய கடிதத்தைக் கிளை சீலோடு கேளுங்கள். அக்காவின் புது வங்கி ஆறு மாசம் கழித்து ஒரு சின்ன முத்ரா கடனுக்குப் பழைய ஸ்டேட்மென்ட்டைத்தான் கேட்டது. பென்சிலில் குறித்த அதே தாள்களைக் கொடுத்தோம், எடுத்துக்கொண்டார்கள்.